நெப்போலியன் தலைமுடியும் தோட்டத்து மண்ணும்

'சுங்கை ஆயர் தாவார்' என்ற மலாய்ப் பெயருக்கு உப்பில்லாத நீர் ஓடும் ஆறு என்று பொருள். மலாக்கா நீரிணையின் கரையோரம், சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். தென்னையும் செம்பனையும் சூழ்ந்த பகுதி. கடல் பக்கத்திலேயே இருப்பதால் எந்த நீர் உப்பு, எந்த நீர் நல்ல நீர் என்பது இங்கே வாழ்வா சாவா என்ற கேள்வி. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் நாக்கை நம்பித்தான் பெயர் வைத்திருப்பார்கள்.

உப்பை நாக்கு சொல்லிவிடும். ஆனால் பாஷாணத்தை?

வெள்ளைப் பாஷாணம் என்று நம் முன்னோர் அறிந்திருந்த ஆர்சனிக், தண்ணீரில் கரைந்துவிட்டால் நிறம் கிடையாது, மணம் கிடையாது, குறைந்த அளவில் சுவையும் கிடையாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1993-இல் வழிகாட்டியது. ஒரு கிராமை ஒரு லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! இந்த அளவை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் லட்சக்கணக்கான மக்கள் குழாய்க் கிணற்று நீரைத் தூய நீர் என்று நம்பிக் குடித்தார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் கறுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

கண்ணுக்கும் மூக்கிற்கும் நாக்கிற்கும் பிடிபடாத நஞ்சைத் துப்பறிய மனிதன் கண்டுபிடித்த கருவிகளில் விசித்திரமான ஒன்று உண்டு. அதன் பெயர் நியூட்ரான். அதன் கதை இங்கிலாந்தில் தொடங்கி, ஒரு பேரரசனின் தலைமுடி வழியாக, விமான நிலையத்திற்கும் துறைமுகத்திற்கும் போய், கடைசியில் தோட்டப்புறத்து வாசலில் வந்து நிற்கிறது.

மின்னூட்டம் இல்லாத ஒற்றன்

1932-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் நகரின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் சாட்விக் என்ற விஞ்ஞானி, அணுவின் கருவுக்குள் ஒளிந்திருந்த ஒரு துகளைக் கண்டறிந்தார். அதற்கு நேர் மின்னூட்டமும் இல்லை, எதிர் மின்னூட்டமும் இல்லை. அதனால் நியூட்ரான் என்று பெயர் பெற்றது.

மின்னூட்டம் இல்லை என்பதுதான் அதன் பலம். எந்த அணுவும் அதை வாசலில் தடுத்து நிறுத்தாது. எக்ஸ் கதிரை மறித்துவிடும் ஈயத் தகட்டைக்கூட நியூட்ரான் ஊடுருவிப் போகும். அதே நியூட்ரான் தண்ணீரிலும் மெழுகிலும் வேகம் இழந்து தடுமாறும். எக்ஸ் கதிருக்குத் தெரியாதது நியூட்ரானுக்குத் தெரிவது இதனால்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1936-இல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஜார்ஜ் டி ஹெவெசி என்ற ஹங்கேரியரும், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஹில்டே லெவி என்ற இளம் பெண் விஞ்ஞானியும் ஒரு சோதனை செய்தார்கள். அரிய மண் தனிமங்கள் சிலவற்றை நியூட்ரான் மழையில் நனைய வைத்தார்கள். டிஸ்புரோசியம் என்ற தனிமம் சட்டென்று கதிரியக்கம் பெற்றது. வேறொரு பொருளில் அது மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிட்டது. நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு என்ற முறை பிறந்தது இப்படித்தான்.

செய்முறை இதுதான். ஒரு துளி மண்ணையோ ஓர் இழை முடியையோ நியூட்ரான்கள் பாயும் இடத்தில் வைக்க வேண்டும். அதிலுள்ள அணுக்கள் நியூட்ரானை விழுங்கும். விழுங்கியவற்றில் பல நிலைகொள்ளாமல் காமா கதிரை உமிழும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில்தான் உமிழும். மனிதனுக்குக் கைரேகை போல, தனிமத்திற்கு இது ரேகை. ஆர்சனிக் என்றால், நியூட்ரானை விழுங்கிய பின் சுமார் 26 மணி நேரத்திற்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். அந்த ரேகையையும் இந்தக் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் அகப்பட்டுக்கொள்வான்.

பேரரசனின் முடி

இந்தக் கருவி முதலில் யாருக்காக வேலை செய்தது? தோட்டத் தொழிலாளிக்காகவா? இல்லை. மன்னர்களுக்காக!

பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் 1821-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் செயின்ட் ஹெலினா தீவில் சிறைக் கைதியாக இறந்தான். அவன் தலைமுடியைப் பலர் நினைவுப் பொருளாக வைத்திருந்தார்கள். சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் ஸ்டென் போர்ஷுவுட்டும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாமில்டன் ஸ்மித்தும் அந்த முடியை நியூட்ரானில் சோதித்து, அதில் ஆர்சனிக் மிகுதியாக இருப்பதாக 1961-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகமே பரபரப்படைந்தது. நெப்போலியனுக்கு நஞ்சு வைத்தது யார் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள்.

முடியை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். உடலுக்குள் போன ஆர்சனிக் முடியிலும் நகத்திலும் போய்ப் படியும். முடி மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, முடி ஒரு நாட்காட்டி. வேரிலிருந்து அளந்துகொண்டே போனால் எந்த மாதத்தில் நஞ்சு உடலில் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். வடதுருவத்தைத் தேடிப்போய் 1871-இல் இறந்த அமெரிக்கர் சார்லஸ் பிரான்சிஸ் ஹாலின் உடலை 1968-இல் பனிமண்ணிலிருந்து தோண்டி எடுத்து, அவருடைய நகத்தைச் சோதித்தார்கள். நகத்தின் நுனியில் குறைவு, அடியில் அதிகம். வாழ்வின் கடைசி இரண்டு வாரங்களில் அவர் உடலில் நிறைய ஆர்சனிக் சேர்ந்திருந்தது என்று 97 ஆண்டுகள் கழித்து நகம் சாட்சி சொன்னது.

நெப்போலியன் கதை அதோடு முடியவில்லை. 2008-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் பாவியா நகரின் சிறிய ஆய்வு அணு உலையில் மறுபடியும் சோதித்தார்கள். இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். நெப்போலியன் சிறுவனாக இருந்தபோது எடுத்த முடி, எல்பா தீவில் இருந்தபோது எடுத்த முடி, இறந்தபோது எடுத்த முடி, அவன் மனைவி ஜோசபினின் முடி, மகனின் முடி, இன்றைய மனிதர்களின் முடி என எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்தார்கள். விடை என்ன தெரியுமா? அந்தக் காலத்து முடிகள் எல்லாவற்றிலுமே இன்றைய அளவைப் போல் நூறு மடங்கு ஆர்சனிக்! நெப்போலியனுக்குக் கடைசியில் திடீரென்று கூடவும் இல்லை.

சதிகாரன் யார் என்று தேடிப் போனவர்களுக்கு, அந்தக் காலத்தில் எல்லோருமே நஞ்சோடு வாழ்ந்தார்கள் என்ற உண்மை கிடைத்தது. ஒருவன் முடியை மட்டும் பார்த்தபோது அது கொலை வழக்கு. பலர் முடியைப் பார்த்தபோது அது வாழ்ந்த சூழலின் வரலாறு. கருவி மாறவில்லை. கேள்விதான் மாறியது. இந்த வேறுபாடு தோட்டப்புறத்திற்கு மிகவும் வேண்டியது.

தோட்டத்தில் தெளித்த பாஷாணம்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க என்ன தெளித்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் பலர் அறிய மாட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் தோட்டங்களில் பெரிதும் பயன்பட்ட களைக்கொல்லி சோடியம் ஆர்சனைட். அதாவது, ஆர்சனிக் கலந்த உப்பு. மறுநடவுக்காக வயதான பால்மரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் இதே மருந்து பயன்பட்டது. இதைத் தெளித்த புல்லை மேய்ந்தால் மாடு பிழைக்காது.

அதைத் தோளில் சுமந்து அடித்தவர்கள் யார்? லயத்து வீடுகளில் குடியிருந்த நம்மவர்கள்தாம். தோட்டத்தில் அதற்குப் பெயர் 'மருந்து'. நோயைத் தீர்ப்பதற்கும் மருந்து, புல்லைக் கொல்வதற்கும் மருந்து. ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டதால் அச்சமும் அடங்கிப் போயிற்று.

ஆர்சனிக் ஒரு தனிமம். மற்ற பல பூச்சி மருந்துகளைப் போல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து வேறொன்றாக அது மாறிவிடாது. மண்ணிலுள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். இதனால் பழைய தோட்ட மண் எல்லாமே நஞ்சு என்று பொருள் அல்ல. மண்ணில் இயற்கையாகவும் ஆர்சனிக் உண்டு. எங்கே அதிகம், எங்கே சாதாரணம் என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். இன்று பல பழைய ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கொல்லையில் கீரை போடுகிறவருக்கும், முற்றத்தில் மண் அளைந்து விளையாடும் பிள்ளைக்கும் அந்த அளவு தெரிந்திருப்பது நல்லதுதானே?

அளக்கும் வசதி இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. சிலாங்கூரின் வடகோடியில் சுங்கை ஆயர் தாவார் என்றால், தென்கோடியில் காஜாங்கை அடுத்த பாங்கி. மலேசியாவின் ஒரே அணு உலையான 'திரிகா புஸ்பாத்தி' அங்கேதான் இருக்கிறது. முன்னாள் துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயரால் அமைந்த அணு ஆராய்ச்சி மையத்திற்காகக் கட்டப்பட்ட உலை அது. 1982-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. அதன் வெப்பத் திறன் 1 மெகாவாட்தான். மின்சாரம் எடுப்பதற்கு அல்ல, நியூட்ரான் எடுப்பதற்கு! பாவியாவில் நெப்போலியன் முடியைச் சோதித்த உலையும் இதே திரிகா வகை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆற்றுக்கு அப்பால் புக்கிட் மேரா

பெர்ணம் ஆறு சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லை. அதைக் கடந்து ஈப்போ பக்கம் போனால் புக்கிட் மேரா. மறைந்திருக்கும் அபாயம் என்றால் என்ன என்று மலேசியாவுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் அது.

வெள்ளீயம் எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலை 'அமாங்' என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க 'ஏசியன் ரேர் எர்த்' ஆலை 1982-இல் வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தின் முதலீடும் அதில் இருந்தது. ஹெவெசியும் லெவியும் 1936-இல் கையில் எடுத்த அதே வகைத் தனிமங்கள்தாம். ஆனால் மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உடையது. வேண்டியதை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது தோரியக் கழிவு.

பார்ப்பதற்கு அது சாதாரண மண் போலத்தான் இருக்கும். 1984-இன் இறுதியில் ஜப்பானிய அறிஞர் சடாவோ இச்சிகாவா கதிரியக்க அளவியோடு வந்து சோதித்தார். மறு ஆண்டு மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. என்றாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுப் பணிக்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011-இல் பத்திரிகைகள் எழுதின.

தோரியத்தையும் நியூட்ரான் காட்டிக்கொடுக்கும். நியூட்ரானை விழுங்கிய தோரியம் புரோட்டாக்டினியமாக மாறி, ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தபடி தன் ரேகையைப் பதித்துக்கொண்டிருக்கும். சிதையச் சிதைய அது யுரேனியம்-233 ஆகிவிடும். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற சிறிய உலைக்கு அந்த யுரேனியம்தான் எரிபொருள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் அதே மோனசைட் உண்டு. ஓரிடத்தில் கழிவு என்று ஒதுக்கியது, வேறோரிடத்தில் ஆய்வுக்கு விளக்கேற்றுகிறது. பொருள் ஒன்றுதான். யார் கையில், எந்தக் காவலில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மண்ணைவிட்டு மூட்டை முடிச்சுகளைச் சோதிக்க நியூட்ரான் வந்தது பெரும் துயரங்களுக்குப் பிறகு. 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் மாண்டார்கள். 1988 டிசம்பர் 21-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் பான் ஆம் விமானம் வெடித்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் இறந்தார்கள். இரண்டிலும் வெடிகுண்டு பயணப் பெட்டியில் வந்தது. லாக்கர்பியில் அது ஒரு வானொலிப் பெட்டிக்குள் மறைந்திருந்தது.

வெடிமருந்தில் பெரும்பாலும் நைட்ரஜன் மிகுதி. நைட்ரஜன் அணு நியூட்ரானை விழுங்கினால் மிக வலிமையான ஒரு காமா கதிரை உமிழும். இதை வைத்து ஓர் இயந்திரத்தைச் செய்து 1989-இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். விலை ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். ஆனால் கம்பளியிலும் தோல் காலணியிலும் பாலாடைக் கட்டியிலும்கூட நைட்ரஜன் உண்டே! லாக்கர்பியில் வெடித்த அளவுக்குச் சிறிய குண்டைப் பிடிக்க வேண்டுமென்றால், ஒரு பாவமும் அறியாத பெட்டிகளுக்கெல்லாம் மணி அடித்தது. அமெரிக்க அதிபர் அமைத்த குழு 1990-இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. இயந்திரம் பெரிய வெற்றி பெறவில்லை.

அதே தத்துவம் வேறோர் இடத்தில் வென்றது. உலகப் போர்க் காலத்துப் பழைய குண்டுகள் துருப்பிடித்து மண்ணுக்குள் கிடைக்கும். உள்ளே வெடிமருந்தா, நச்சு வாயுவா என்று திறந்து பார்க்க முடியுமா? அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடம் செய்த நியூட்ரான் கருவி குண்டைத் திறக்காமலே பதில் சொன்னது. பாஸ்பரஸ் தெரிந்தால் நரம்பைத் தாக்கும் வாயு. கந்தகமும் குளோரினும் தெரிந்தால் கடுகு வாயு. குளோரினோடு ஆர்சனிக் தெரிந்தால் லூயிசைட். மீண்டும் அதே ஆர்சனிக்!

கண்ணிவெடிக்கும் நியூட்ரானை முயன்று பார்த்தார்கள். கனடா இராணுவம் கண்ணிவெடி தேடும் தன் வாகனத்தில் நியூட்ரான் கருவியைப் பொருத்தியது. ஆனால் கருவி பெரியது, விலை அதிகம், மண்ணிலும் நைட்ரஜன் உண்டு. இலங்கையின் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நிலத்தை மீட்டுக் கொடுத்தவை உலோகம் காணும் கருவியும் மண் வாரியும்தாம். அவற்றைப் பிடித்த கைகளில் பல, போரில் கணவனை இழந்த தமிழ்ப் பெண்களின் கைகள்.

கிள்ளான் துறைமுகத்துக் கதவு

இனி சிலாங்கூருக்கே திரும்பி வரலாம். புளுட்டோனியம் தானாகவே நியூட்ரானை வெளியிடும். கொள்கலனுக்குள் ஒளித்தாலும் ஈயத்தால் மூடினாலும் நியூட்ரான் வெளியே வரும். லாரி மெதுவாகக் கடந்து போகும் கதவு போன்ற கருவிகள் அதை உணரும். 2000-களில் அமெரிக்க எரிசக்தித் துறை உலகத் துறைமுகங்களில் இத்தகைய கருவிகளைப் பொருத்த முனைந்த திட்டத்தில் மலேசியாவும் இலங்கையும் சேர்ந்தன.

ஆனால் எல்லாவற்றையும் கதவு பிடித்துவிடுமா? 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்திற்குத் திருப்பிச் சோதித்தார்கள். யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களுக்கான உதிரிப் பாகங்கள் கிடைத்தன. அவை செய்யப்பட்ட இடம் சிலாங்கூரின் ஷா ஆலாம்! எதற்காகப் பயன்படப் போகிறது என்று தனக்குத் தெரியாது என ஆலை நிறுவனம் கூறியது. வெறும் அலுமினியத் துண்டுகள் நியூட்ரானை வெளியிடாது. எந்தக் கதவும் மணி அடித்திருக்காது. அதைப் பிடித்தது மனிதர்கள் சேர்த்த தகவல். அதன் பிறகு 2010-இல் மலேசியா உத்திமுறைப் பொருள் வாணிபச் சட்டத்தை இயற்றியது.

நியூட்ரானுக்குத் தெரியாதது

தோட்டத்திற்கும் இதே பாடம்தான். 1960-களில் ஆர்சனிக்கை ஓரங்கட்டிவிட்டுப் புதிய களைக்கொல்லிகள் வந்தன. அவற்றில் முக்கியமானது பாராகுவாட். அதில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின். இவை மண்ணிலும் உண்டு, சோற்றிலும் உண்டு, உப்பிலும் உண்டு. நியூட்ரான் தனிமங்களை அறியுமே தவிர, அவை எப்படிக் கைகோத்து நஞ்சாக நிற்கின்றன என்று அறியாது. பாங்கி உலையில் வைத்தாலும் பாராகுவாட் பிடிபடாது.

பிறகு எப்படிப் பிடிபட்டது? அதை அடித்த பெண்கள் வாய் திறந்ததால்! செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது, தோல் வெந்தது என்று அவர்கள் சொன்னவற்றைத் தெனாகனிதா அமைப்பு கேட்டு எழுதியது. அதை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ், தந்தை வேலை பார்த்த ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2014-இல் ஐரின் காலமானார். இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் தடைசெய்யப்பட்டது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நெப்போலியன் முடியையும் ஹாலின் நகத்தையும் பேச வைக்க அணு உலை வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெண்ணின் நகம் நேராகவே பேசியது. கேட்கத்தான் ஆள் தேவைப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

நியூட்ரான் பொய் சொல்லாத சாட்சி. ஆனால் சாட்சிக் கூண்டில் அதை ஏற்றுபவர் மனிதர். எந்த மண்ணை எடுப்பது, யார் முடியை எடுப்பது, எந்தக் கிணற்று நீரை எடுப்பது என்று அது தானாக முடிவு செய்வதில்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, "இந்த மண்ணில் முன்பு என்ன தெளித்தார்கள்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த மருந்தைத் தோளில் சுமந்த தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த நிறுவை, எந்தத் தொட்டியில் கலந்தார்கள் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. அதை எழுதி வைத்தால் எங்கே அளப்பது என்று தெரியும்.

ஆயர் தாவார் என்று பெயர் வைத்தவர்கள் நாக்கால் சோதித்துப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் என்றும் உண்மையாக இருக்க வேண்டுமானால், இந்தத் தலைமுறை கேள்வியால் சோதிக்க வேண்டும். விடை சொல்லும் உலை இதே மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது.